ரூத்தின் வலக்கையும் ஆறுதல் என்ற சொல்லும்

என் பிள்ளையின் வலக்கை என் கண் முன்னே மூடிக்கொண்டு வந்தது. அதைத் திறந்து தரும்படி நான் ஆண்டவரிடம் மன்றாடினேன். பதில் கிடைத்தது. அது வந்த விதம் இதமானதல்ல. நம் சபைச் சகோதரிகளுக்கு இதைச் சொல்லலாமா, கூடாதா என்று நெடுநாள் தயங்கியே இப்போது எழுதுகிறேன்.

1934ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். என் கணவருக்குக் கடுகண்ணாவை ரயில் நிலையத்தில் எழுத்தர் வேலை. நாங்கள் யாழ்ப்பாணத்தவர். நிலையத்தை அடுத்த வீட்டில் குடியிருந்தோம். அன்று அவருடைய வெள்ளைக் கோட்டை அழுத்திக்கொண்டிருந்தேன். தொட்டிலில் சின்னவன் அழுதான். திரும்பினேன். அதற்குள் மூன்று வயது ரூத் கரி இஸ்திரிப்பெட்டியின் அடியில் உள்ளங்கையை வைத்துவிட்டாள். தோல் இரும்போடு ஒட்டியது. நான் இழுத்தபோது கை வந்தது. தோல் வரவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் புண் ஆறியது. ஆறிய தழும்பு சுருங்கி விரல்களை உள்ளே இழுத்தது. அது மலேரியாக் காய்ச்சல் பரவிய காலம். விறாந்தையெல்லாம் பாயில் நோயாளர் கிடந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த ஒரு தாதியம்மா, நடக்க வழியில்லாத அந்த நெரிசலிலே நின்று, ரூத்தின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நிமிர்த்திக் காட்டினார். பிள்ளை போட்ட சத்தத்தில் பாயில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"இப்படித் தெனமும் நீட்டணும். ராத்திரி பலகையில வச்சுக் கட்டணும். அழுவா. நீங்க ஆறுதலாச் செய்யுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

திரும்பி வரும் ரயிலில் என் கணவர், "கேட்டனீர்தானே? ஆறுதலாச் செய்யட்டாம். அவசரமில்லை" என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது. எங்கள் ஊரில் ஆறுதலாய் என்றால் மெதுவாக, நேரம் கிடைக்கும்போது என்று அர்த்தம்.

ஆகவே நாங்கள் ஆறுதலாயிருந்தோம். விரலைத் தொட்டால் அவள் துடிப்பாள். நாளைக்குப் பார்ப்போம் என்று விடுவேன். அந்த நாட்களில் கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். எல்லோருக்கும் அவர் உம்மா. சுளுக்கு, இடுப்பில் நாரிப்பிடிப்பு என்று பெண்கள் அவரைத்தான் தேடிப் போவார்கள். தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, ஓதி ஊதி, தோளிலிருந்து மணிக்கட்டுவரை மெல்லத் தடவுவார். ரூத் அவர் மடியிலேயே தூங்கிவிடுவாள்.

"பாத்தீங்களா மகள்? நோவுற புள்ளய முறுக்குறதா வைத்தியம்?" என்பார்.

"ஆண்டவரே, பிள்ளையின் நோவை எடுத்துவிடும்" என்றுதான் நான் அப்போது ஜெபித்தேன். நோ போனது. கையும் போய்க்கொண்டிருந்தது. அசைக்காத கை நோகாது என்பது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியும் நான்தான் தள்ளிவிட்டேனோ, தெரியாது.

தை மாதம், காலைச் சாப்பாட்டுக்குக் கொடுத்த ஒரு பாண் துண்டை ரூத்தால் பிடிக்க முடியவில்லை. விரல் நகங்கள் உள்ளங்கையைக் கீறி வைத்திருந்தன. கண்டிக்கு ஓடினோம்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க?" என்று தாதியம்மா கத்தினார்.

"நீங்கள்தானே ஆறுதலாச் செய்யச் சொன்னனீங்கள்?"

"ஆமா, சொன்னேன். மடியில வச்சு, தடவிக் குடுத்து, ரெண்டு நல்ல வார்த்தை பேசி, ஆறுதலாச் செய்யுங்கன்னேன். செய்யாம இருங்கன்னா சொன்னேன்?"

நான் எங்கள் ஊர் அர்த்தத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. ரூத்தின் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "உங்க ஊருத் தமிழு ஒரு கையத் தின்னுருச்சேம்மா" என்றார். ஈஸ்டர்வரை நீட்டிப் பாருங்கள், இல்லையென்றால் வெட்டிப் பிரிக்க வேண்டும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அன்று ரயிலில் என் ஜெபம் மாறியது. நோவை எடும் என்று கேட்கவில்லை. "இந்தக் கை ஒரு தரமாவது முழுக்கத் திறக்கட்டும். அதுவரை என் கை தளராதிருக்கட்டும்" என்று கேட்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரயில் மலையேறும் இரைச்சலில் அயலுக்குக் கேட்காது என்று, அந்த நேரம் பார்த்து விரல்களை நீட்டினேன். தழும்பு வெடித்து இரத்தம் வந்தது. அவள் என்னைக் கடித்தாள். மூடிய கையின் விரல் மொழியால், அந்த முட்டியால், என் தாடையில் குத்தினாள். "நீ அம்மா இல்லை. உம்மாதான் அம்மா" என்றாள். நான் கதவைத் திறந்தாலே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

ஒரு நாள் உம்மா படியில் நின்று கேட்டார்: "நீங்க பெத்த தாயா, பொலிசா? எங்கட ஊட்டுக் கோழியக் கூட இப்பிடி அறுக்க மாட்டோம்."

"உம்மா, உள்ளே வாங்கோ. நீங்கள் தடவுங்கோ. நான் நீட்டுறன்."

"இந்தப் பாவத்துல என்ட கையக் கூட்டாதீங்க" என்று போய்விட்டார். அடுத்த நாள், படியில் நின்று கேட்ட அந்த அழுகையை மறக்க முடியாமல் எண்ணெய்ப் போத்தலோடு வந்தார்.

அவர் தடவிய பின் நீட்டினால் கை அவ்வளவு எதிர்க்கவில்லை. தடவாமல் நீட்டினால் கல்லோடு மல்லுக்கட்டுவது போலிருந்தது. தடவி மட்டும் விட்டால் பிள்ளை தூங்கினாள், விரல் அப்படியே இருந்தது. இரண்டும் வேண்டியிருந்தன. ஆனால் ஆறுதலெல்லாம் உம்மாவின் கைக்குப் போனது. எனக்குக் கிடைத்தது வெறுப்பு. தாதியம்மா சொன்ன ஆறுதலை நான் கொடுக்க வேண்டும் என்று மடியை நீட்டுவேன். அவள் வரமாட்டாள். இது சரியா என்று ஒவ்வொரு இரவும் கேட்டுக்கொண்டு, காலையில் மறுபடியும் பிடித்தேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு பின்னேரம். ரயில் மலையேறிக்கொண்டிருந்தது. உம்மா தடவினார், நான் நீட்டினேன். ரூத் கையைப் பிடுங்கி, என் கன்னத்தில் ஓங்கி அடித்தாள்.

விரல் மொழி படவில்லை. உள்ளங்கை பட்டது.

சத்தம் கேட்டு என் கணவர் உள்ளே வந்தார். "என்ன அது?"

"அறைஞ்சுபோட்டாள்."

"உம்மையோ?"

"விரிச்ச கையாலை."

அவர் என் முகத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கன்னத்தில் விரல்கள் தனித்தனியாகப் பதிந்திருந்தன. அவர் அப்படியே முழங்காலில் நின்றார். உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "இன்னும் ஒண்டு குடுக்கச் சொல்லுங்க மகள், சரியாப் பாக்கல்ல" என்றார். அழுகையிலும் சிரித்தோம். ரூத் மட்டும் சிரிக்கவில்லை.

கத்தி வைக்கவில்லை. சின்னவிரல் கொஞ்சம் வளைந்தேயிருக்கிறது. இப்போது பள்ளிக்கூடத்தில் அந்தக் கையால்தான் எழுதுகிறாள். தெருவைக் கடக்கும்போது நான் கை நீட்டினால் இடக்கையைத்தான் தருகிறாள். அதையும் நன்றியோடு பிடித்துக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் என் மனம் நோகாதபடி ஜெபிப்பேன். இப்போது வேண்டியதைக் கேட்கிறேன். சகோதரிகளே, நீங்களும் நம்பிக் கேளுங்கள். பதில் அறையாக வந்தாலும் முகத்தைத் திருப்பாதேயுங்கள். எத்தனை விரல் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். என் கன்னத்தில் ஐந்து.