முகூர்த்தத்துக்குள் குலை தள்ளுமா?

உரக்கடைக்கு யாரும் சந்தோஷச் செய்தி சொல்ல வருவதில்லை. இலை பழுத்தால் வருவார்கள், பூச்சி விழுந்தால் வருவார்கள். கல்லாவில் உட்கார்ந்து ஊரார் கவலையைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகாக்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தக்கலைப் பக்கம் இருக்கும் என் கடைக்கு வாடிக்கையாக வருபவர் தாணு அண்ணாச்சி. ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். வாசலில் கட்டும் இரண்டு குலைவாழையும் சொந்தத் தோட்டத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

சூடு

முதலில் இயற்கை உரம்தான் என்றார். பண்ணையிலிருந்து பச்சைக் கோழி எருவை டெம்போவில் ஏற்றிவந்து வாழையின் அடி மூட்டில் குவித்துவிட்டார். நாலு நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது.

“மட்காத எரு வேரைச் சுட்டுவிடும் அண்ணாச்சி. மூட்டிலிருந்து விலக்கி, மட்கவிட்டுப் போடுங்கள்” என்றேன். என் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருந்த யூரியா மூட்டைகளை ஒரு பார்வை பார்த்தார்.

“மூட்டை விக்கணும்னா நேரா சொல்லுடே, கோழிய எதுக்குக் குத்தம் சொல்லுக?”

பச்சை

அவர் மனைவி பகவதி அக்கா நான் சொன்னதை நம்பினார். எருவை வாரி, சாணியும் சருகும் சேர்த்து மட்கவைத்து, மேற்கு வரிசைக்கு மட்டும் போட்டார். மட்கும்வரை காத்திருந்தால் முகூர்த்தம் போய்விடும் என்று, மற்ற வரிசைகளுக்கு அண்ணாச்சியே யூரியா கேட்டு வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள், பொட்டாஷும் சேருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். இலை கரும்பச்சை கட்டியதும் மனுஷருக்குக் கை நிற்கவில்லை, யூரியாவை மட்டும் அள்ளி அள்ளிப் போட்டார். அக்காவின் வரிசை நிதானமாக வளர்ந்தது. அதில் அவருக்கு ஒரே கேலி.

“அவளுக்க வாழை இன்னும் பொண்ணு பாக்க வந்த நாளுலயே நிக்கு, எனக்க வாழை மறுவீட்டுக்கே போயாச்சு!”

காற்று

அண்ணாச்சியின் வாழைகள் முந்திக்கொண்டு குலை தள்ளியது உண்மை. ஆனால் ஆடிக் காற்று அடித்தபோது, நெடுநெடுவென்று வளர்ந்திருந்த அந்தத் தண்டுகள் பாரம் தாங்காமல் நடுவில் ஒடிந்தன. பிஞ்சுக் குலைகள் மண்ணில் கிடந்தன. என்னை அழைத்துப்போய்க் காட்டினார். குனிந்து, ஒடிந்த தண்டுகளை ஓரமாக இழுத்துப் போட்டேன். யூரியா விற்ற கை என்னுடையதுதானே.

மேற்கு வரிசை அசையாமல் நின்றது. அதில் இரண்டு வாழைகளில் அப்போதுதான் பூ எட்டிப் பார்த்தது. “கல்யாணத்தன்னைக்கு இதையாவது வெட்டிக் கட்டுவோம், நம்ம தோட்டத்து வாழைல்லா” என்று அண்ணாச்சி சொன்னார். அக்கா குறுக்கே வந்து நின்றார்.

“வாசலுக்குச் சந்தையில வாங்கிக் கட்டுங்க, தலைத் தீவாளிக்கு மருமவன் வரும்ப இது பழுத்திருக்கும், நம்ம பிள்ளை திங்கட்டு.”

இப்போதெல்லாம் யார் வந்து யூரியா கேட்டாலும், என்ன பயிர் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் கல்யாணம் ஏதும் வைத்திருக்கிறீர்களா என்றுதான் கேட்கிறேன்.