ஏரி காடான கணக்கு

அந்த அம்மாளை அலுவலகத்தில் ‘தசமம்’ என்பார்கள். எதையும் முழு எண்ணில் சொல்லத் தெரியாது. “சாப்டீங்களா?” என்று கேட்டால் “புள்ளி ஏழு அஞ்சு சாப்டேன்” என்பார். பதினெட்டு வருடமாகப் புள்ளிவிவரத் துறையில் குப்பை கொட்டுகிறார். நாட்டின் பதினொரு மண்டலங்களில் எது மண்ணையும் நீரையும் கெடுக்காமல் வளர்கிறது என்று மதிப்பெண் போடுவது வேலை.

உற்பத்தி எவ்வளவு என்று ஆலைகளே எழுதி அனுப்பும். பசுமை எவ்வளவு என்று செயற்கைக்கோள் படத்தில் பச்சையை எண்ணுவார்கள். ஊரில் ஒரு ஆளைக் கேட்கலாமே என்று எவருக்கும் தோன்றாது. வாயுள்ளவன் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டால்?

இந்த ஆண்டு ஆறாம் மண்டலம் முதலிடம். கடைசியில் நிற்கும் மண்டலத்துக்குத்தான் நீர் சுத்திகரிப்பு நிலையம். தசமத்தின் தம்பி குடும்பம் இருப்பதோ ஆறாம் மண்டலத்தில். அங்கே பாதி நிலம் ஏரிதான். சாய ஆலைக் கழிவு கலந்த அந்தத் தண்ணீரில் குளித்து, பிள்ளைகள் இரண்டும் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டிருந்தன. ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. படத்தில் அது காடு.

தசமம் இயக்குநரிடம் ஓடினார்.

“சார், அது காடு இல்ல, ஏரி. பிள்ளைங்களுக்கு உடம்பெல்லாம் புண்ணு.”

“படத்துல பச்சையா இருக்கா, இல்லையா?”

“பச்சைதான் சார். நம்ம ஆபீசும் பச்சைதான்.”

படத்தை மேசையில் விரித்தார். ஒழுகும் மொட்டைமாடிக்கு மேல் போட்டிருந்த பச்சைத் தார்ப்பாய் ‘அடர்ந்த காடு’ என்று பதிவாகியிருந்தது.

இயக்குநர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். “அப்ப நாம?”

“காட்டுக்குள்ள உக்காந்திருக்கோம் சார். உங்க நாற்காலிக்கு மேல மட்டும் மூணு புள்ளி ரெண்டு மரம்.”

“இது அமைச்சர் கண்ணுல பட்டா?”

“வனத்துறை வந்து நம்மள காலி பண்ணச் சொல்லும்.”

பிள்ளைகளின் புண்ணுக்கு அசையாத அரசாங்கம், ஒரு நாற்காலி ஆடியதும் பதறி எழுந்தது. அன்றே ஏரிப் பச்சையும் தார்ப்பாய்ப் பச்சையும் கணக்கிலிருந்து கழிந்தன. ஆறாம் மண்டலம் பதினொன்றாவது இடத்தில் விழுந்தது.

சாயங்காலம் தம்பி போனில் கத்தினான்.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்ட! முதலிடம்னு ஊரெல்லாம் பேனர் கட்டியிருக்கோம். இப்ப கடைசியாம்!”

“உங்க தண்ணிய சுத்தம் பண்ண நிலையம் வருதுடா, மண்டு!”

மறுமுனையில் குரல் தணிந்தது.

“நிஜமாவா?”

“ஆர்டர்ல கையெழுத்தே போட்டாச்சு.”

“சரி, வரட்டும். ஆனா ஊர்ல யாரு கேட்டாலும் நீ என் அக்கா இல்ல.”