பேசாத படத்துக்குப் பேசிய ரஞ்சிதம்

போன ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைச் சந்தையில் முட்டைக்கோவா வாங்கிக்கொண்டு நின்றேன். நமுனுகுலப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறிச் சாரதி என்னைக் கண்டு இறங்கி வந்தார். "மருந்து ஐயா, நம்ம மருத்துவச்சியம்மா போயிட்டாங்க. வெள்ளிக்கிழம காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம். அவ்வளவுதான்" என்றார். அடக்கமும் முடிந்துவிட்டிருந்தது.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் அப்போது நான் மருந்து கொடுப்பவன், ரஞ்சிதம் மருத்துவச்சி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து போனவன். அவர் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, பதுளையில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அவர் கையில் பிறந்த பலர் இதை வாசிக்கக்கூடும். அவர்கள் அறியாத ஒரு மாலையைச் சொல்ல விரும்புகிறேன்.

சுகாதாரப் படம் காட்டும் வண்டி வருடத்தில் ஓரிரு தடவை எங்கள் தோட்டத்துக்கு வரும். கொசுவையும் கொக்கிப்புழுவையும் மட்டும் காட்டினால் சனம் எழுந்து போய்விடும் என்று, அந்தத் தடவை வண்டிக்காரர் பழைய பேசாத படம் ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த என் வயதுக்காரருக்கெல்லாம் மனப்பாடமான ஒரு சிறுவர் பாட்டுத்தான் அந்தப் படத்தின் கதை. ஓடக்காரன் ஒருவன் புயலில் அகப்படுகிறான். அவனுடைய சின்ன மகள் விளக்கை ஏந்திப் படகில் தேடிப் போகிறாள்.

திரையில் வரும் எழுத்தை நான் தமிழில் சொல்வது, ரஞ்சிதம் அதைச் சனத்துக்குக் கதையாகச் சொல்வது என்று ஏற்பாடு. தொடங்குமுன் அவர் என்னிடம், "முடிவ மட்டும் சொல்லிராதீங்க ஐயா. தெரிஞ்சா என் கொரல்லயே காட்டிக் குடுத்துருவேன்" என்றார்.

பெரட்டுக் களத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்திலேயே திரை கட்டியிருந்தோம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லோரும் தரையில் இருந்தார்கள். "அப்பன இன்னும் காணோம். புள்ள எட்டி எட்டிப் பாக்குது. வேணாந்தாயி, தண்ணி ஏறுது" என்று ரஞ்சிதம் சொல்லச் சொல்ல, இருமலும் நின்றுபோனது. கடைசியில் தகப்பன் கரையேறி நிற்கிறான். படகு மட்டும் மிதந்து வருகிறது. உள்ளே யாருமில்லை. படம் முடிந்தது.

"புள்ள எங்கம்மா?" என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். அவள் பெயர் பாக்கியம். இரண்டு பிள்ளைகளைப் பிரசவத்தில் இழந்தவள், அப்போது நிறைமாதம். அந்த இரண்டு தடவையும் லயத்தில்தான் பெற்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் உயிரோடு திரும்ப முடியாது என்பது அவளுடைய பயம். ரஞ்சிதம் எத்தனையோ முறை கூப்பிட்டும் அசையவில்லை.

"எனக்கும் தெரியல பாக்கியம்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பாட்டுல என்னங்க இருக்கு?"

"பாட்டிலையும் வெறும் படகுதான் வருகுது. அந்தப் பெட்டைப்பிள்ளை செத்துப்போச்சு எண்டு எங்கட வாத்தியார் சொன்னவர்."

"அவரு பாத்தாராங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கடைசிப் பகுதியை மறுபடியும் ஓட்டச் சொன்னார். இம்முறை சனம் முழங்காலில் எழுந்து நின்று பார்த்தது. "வெளக்கக் காணோம்! படகுல வெளக்கு இல்ல!" என்று யாரோ கத்தினார்கள். உண்மைதான். சிறு வயதிலிருந்து அந்தப் பாட்டைச் சொல்லிவந்த எனக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை. படம் எடுத்தவர் மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் கொழுந்து பறிக்கும் மலையில் இதே வழக்குத்தான். விளக்கு ஆற்றில் விழுந்தது என்று ஒரு கட்சி. கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள் என்று மறு கட்சி. மத்தியானம் பாக்கியம் தானாகவே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். "ஏம்மா, அந்தப் புள்ளைக்கி நீச்சல் தெரியுமா?"

"உள்ள வா, பேசுவோம்" என்றார் ரஞ்சிதம். கட்டிலில் உட்கார வைத்து, அவள் வாதத்தை முழுக்கக் கேட்டார். கேட்டுக்கொண்டே வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளை குறுக்கே கிடந்தது. எனக்குக் கண்ணால் சைகை காட்டினார். நான் தோட்டத் துரையிடம் ஓடி லொறி கேட்டேன். பதுளை ஆஸ்பத்திரி வரைக்கும் பாக்கியத்தின் கையைப் பிடித்தபடி ரஞ்சிதமே போனார். வழியில் பாக்கியம், "நான் பொழைப்பேனாம்மா?" என்று அழுதாளாம். "தெரியாது. ஆனா நான் கூடவே இருக்கேன்" என்றாராம் இவர். பொய் சொல்லியிருந்தால் பாதி வழியில் குதித்திருப்பேன் என்று பின்னாளில் பாக்கியமே என்னிடம் சொன்னாள். அறுவைச் சிகிச்சை நடந்தது. பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகமாகத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள்.

பிறகு அந்த வண்டியில் பேசும் படங்கள் வந்தன. ரஞ்சிதத்துக்கு அவை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "எல்லாத்தையும் அதுவே சொல்லிருது. நாம என்னத்தக் கேக்குறது?" என்பார்.

இப்போது நான் பதுளை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். பிழைப்பேனா என்று நோயாளிகள் என்னிடமும் கேட்கிறார்கள். முன்பெல்லாம் "ஒண்டுமில்லை, சுகம் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன். இப்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். ரஞ்சிதத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.