டிபன் பாக்ஸ் சொன்ன பொய்

போன வாரம் ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸை நம்பி மனைவியோடு சண்டை போட்டேன்.

சாப்பாடு வைக்கிற டிபன் பாக்ஸ் இல்லை. உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, இரண்டு ரிலே, மூடியை அறுத்து ஒட்டிய டிஸ்ப்ளே... எல்லாம் அடியேன் கைவேலை. எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் வசந்தா சிப்பிக் காளான் வளர்க்கிறாள். அந்த அறையின் சூட்டையும் ஈரத்தையும் தானாகவே பார்த்துக்கொள்ள நான் செய்த கன்ட்ரோலர் அது.

திருத்தணியில் காளானா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டவன்தான். எந்த ஊரில் வெயில் கொளுத்தியது என்று டிவியில் வாசித்தால் எங்கள் ஊர்ப் பெயர் வராமல் இருக்காது. காளானுக்கோ குளுகுளுவென்று இருக்க வேண்டும், ஈரமாக இருக்க வேண்டும். வசந்தா அசரவில்லை. பொதட்டூர்பேட்டைப் பழைய லுங்கிகளை நனைத்து ஜன்னல்களில் தொங்கவிட்டாள். தரையில் மணல் கொட்டித் தண்ணீர் தெளித்தாள். வைக்கோல் அடைத்த பைகளைச் சுற்றிச் சுற்றி வந்து ஸ்பிரேயர் அடித்தாள். காளான் வந்தது. அக்கம்பக்கத்தில் வாங்கிக்கொண்டும் போனார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

யூடியூபில் நாலு வீடியோ பார்த்தேன். மின்சார ரயில் பிடித்து சென்னைக்குப் போய் ஒரு சென்சார் வாங்கினேன். திரும்பும்போது மணவூர் வருவதற்குள் அதைப் பல தடவை பையிலிருந்து எடுத்துப் பார்த்திருப்பேன். தீப்பெட்டியை விடச் சின்னது. முகத்தில் வரிவரியாகத் துளைகள். அந்தத் துளை வழியாகத்தான் அது அறைக் காற்றின் ஈரத்தை அளக்கும். ஈரம் குறைந்தால் ஃபாகர் ஓடிப் பனி போலத் தண்ணீர் தூவும். அதிகமானால் எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றி வெளியே தள்ளும். மனிதர் தலையிட வேண்டியதே இல்லை!

"இன்னாங்க இது... நல்ல டிபன் பாக்ஸ கெடுத்து வெச்சிகினு," என்றாள் வசந்தா. ஆனால் மெஷின் வேலை செய்தது. மெச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றாலும், மத்தியான வெயிலில் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை நிறுத்தினாள். அதுவே போதும் என்று இருந்தேன்.

புரட்டாசி வந்தது. எங்கள் பக்கம் புரட்டாசியில் பாதி ஊர் கறி மீனைத் தொடாது. நாக்கு மட்டும் பிரியாணி கேட்கும். மலையடிவாரத்தில் மெஸ் நடத்தும் தயாளனுக்கு இது தெரியும். கடைசிச் சனிக்கிழமை காளான் பிரியாணி போடுகிறேன், பத்துக் கிலோ கிடைக்குமா என்று வந்து கேட்டார். கேட்டது என்னிடம். "அவங்களையே கேளுங்க," என்றேன். வசந்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆங், தரேங்க," என்றாள்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் 'சார் வீட்டம்மா'. பால்காரர் முதல் பேங்க் வரைக்கும் அதே பெயர்தான். இப்போது முதல் தடவையாக, கடைத்தெருவில் ஒருவர் அவள் பேச்சை நம்பி அடுப்பு மூட்டப்போகிறார். "சொன்ன சொல்லு தவறிச்சின்னா அசிங்கங்க," என்று அன்றைக்கே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"எதுக்குப் பயம்? அதான் மெஷின் இருக்குதே," என்றேன். எவ்வளவு பெரிய வாய்!

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழனன்று ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அன்று பொட்டு வாங்காத பொருள் கிடையாது. ஸ்கூட்டர், மிக்ஸி, மோட்டார், வைஃபை பெட்டி, என் லேப்டாப்... வசந்தா சந்தனக் கிண்ணத்தோடு வீட்டை ஒரு சுற்று வந்தாள். அப்புறம் போய்ப் பார்த்தால், என் டிபன் பாக்ஸ் மூடியிலும் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு சாமந்தி! அத்தனை நாள் டப்பா, டப்பா என்று கேலி செய்தவள். பத்திரிகையில் பத்தி எழுதி வருகிற இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை, சத்தியமாக.

மறுநாள் காலையில் காளான் அறையிலிருந்து வேகமாக வெளியே வந்தாள். "இன்னாங்க, உள்ள போனா மூஞ்சி காயுது. மொட்டெல்லாம் ஓரம் மஞ்சளாயிகினு வருது."

டிஸ்ப்ளேயைப் பார்த்தேன். ஈரப்பதம் தொண்ணூற்றெட்டு.

"தொண்ணூத்தெட்டு காட்டுது வசந்தா."

"காட்டட்டும். எனக்குக் காயுது."

"அளந்து பாத்தியா?"

"நீங்க உள்ள வந்து நில்லுங்க மொதல்ல. அளக்கறது அப்புறம்."

போனேனா? இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு விளக்கம் சொன்னேன். ஃபேன் காற்று பட்டால் தோலுக்கு அப்படித்தான் தெரியும்... மனுஷ உடம்பை நம்ப முடியாது... நான் பேசப் பேச உள்ளே எக்ஸாஸ்ட் ஃபேன் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஈரம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டு, இருந்த கொஞ்சநஞ்சத்தையும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஃபாகரிடமிருந்து சத்தமே இல்லை.

"நாளைக்கு அந்த மனுசன் வந்து நிப்பாருங்க. நான் இன்னா தரது? தொண்ணூத்தெட்டையா?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அந்தக் குரலுக்குத்தான் உள்ளே போனேன்.

போன வேகத்தில் எனக்கும் உதடு காய்ந்தது. பைகளுக்கு நடுவே ஒயரில் தொங்கிக்கொண்டிருந்த சென்சாரைப் பிடித்துத் திருப்பினேன். முகம் முழுக்கச் சந்தனம்! ஒரு துளை பாக்கியில்லை. மேலே தாராளமாகக் குங்குமம். ஈரச் சந்தனத்தை மூஞ்சியில் அப்பிவிட்டால் அது பாவம், ஈரம் என்றுதானே சொல்லும்?

"இதுக்குமா வெச்ச?"

"பொட்டியில ஒண்ணும் இல்ல, எல்லாமே இதுலதான் இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? முக்கியமானதுக்கு வெக்காம வுட்டுடுவாங்களா? கொஞ்சம் கூடவே வெச்சேன்," என்றவள் பாதியிலேயே புரிந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. துடைத்துப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். சென்சார் அவ்வளவுதான், முடிந்தது. புதிதாக வாங்க மறுபடி சென்னைக்குப் போக வேண்டும். பிளக்கைப் பிடுங்கினேன். லுங்கிகள் மீண்டும் ஜன்னலேறின. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், ஆளுக்கொரு ஸ்பிரேயர்.

"மொட்டு மேல நேரா அடிக்காதீங்க. மேல பாத்து அடிங்க, தானா எறங்கட்டும்."

அடித்தேன். சாயங்காலத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. என் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றுமே தெரியாமல் போனபோது அவள் முகத்தை நீட்டிக் காற்றைப் பார்த்துவிட்டு, "ஆங், இப்ப சரி," என்றாள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. போன் மழை இல்லை என்கிறது. நனைந்துகொண்டே போனைப் பார்க்கிறோம். ஏசி இருபத்து நாலு என்கிறது. பக்கத்தில் இருப்பவர் வேர்க்கிறது என்றால் ரிமோட்டைக் காட்டி வாயை அடைக்கிறோம். மெஷின் தப்பாகச் சொன்னால் ரிப்பேர் என்று மன்னித்துவிடுகிறோம். மனிதர் சரியாகச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிறோம். அதிலும் அந்த மனிதர் நம் மனைவியாக இருந்துவிட்டால்... கேட்கவே வேண்டாம்!

சனிக்கிழமை பத்துக் கிலோ தேறவில்லை. ஏழுதான். அவர் வரும்வரை காத்திருக்காமல் வசந்தாவே கூடையோடு மெஸ்ஸுக்குப் போனாள். ஸ்கூட்டர் ஓட்டியது நான். "மூணு கிலோ கொறையுதுங்க. தப்பு எங்க பக்கம்தான். ஆனா வந்தது சுத்தமா இருக்குது, பாத்துக்கோங்க," என்றாள். தயாளன் கூடையைக் கிளறிப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கூடையோடு உள்ளே போனார். வீட்டுக்கு வந்தும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு மறுபடி காளான் அறைக்குள் போய்விட்டாள். நானும் ஸ்பிரேயரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அப்போது அவள் போன் அடித்தது. அவள் கையெல்லாம் வைக்கோல். நான் எடுத்தேன். பழக்கமில்லாத குரல்.

"வசந்தா மேடம் நம்பருங்களா? பள்ளிப்பட்டுலேர்ந்து பேசறேன். தயாளன் மெஸ்ல இப்பதான் சாப்ட்டுட்டு வரேன், அவருதான் நம்பர் குடுத்தாரு. வீட்டுல ஒரு விசேசம், காளான் வேணும். நீங்க யாருங்க?"

"நான் இங்க காளானுக்குத் தண்ணி தெளிக்கறவனுங்க," என்றேன்.

"அப்டியா? சரி, மேடம்கிட்ட போனைக் குடுப்பா."

குடுத்தேன்.