சீனத்துச் சகன்

கல்முனையில் பள்ளிவாசல் கந்தூரி விருந்தோ கலியாணமோ, நாலைந்து பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய பீங்கான் தட்டுகளான சகன்களை இருபத்திரண்டு வருடமாகக் கழுவியவள் ஜுனைதா. எந்த வீட்டுச் சகன் எந்த மணமகளின் சீதனத்தோடு வந்தது என்பது அவளுக்கு மனப்பாடம். அதை வைத்தே பீங்கானின் வயதைச் சொல்லிவிடுவாள். ஆனால் கழுவுகிறவளிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

எண்பத்தொன்றாம் ஆண்டு, கந்தூரிக்கு ஒரு கிழமை இருக்கையில், கொழும்பு வியாபாரி ஒருவர் பள்ளிவாசலின் இருபத்தேழு நீலப்பூச் சகன்களையும் புரட்டிப் பார்த்தார்.

"சீனத்துப் பழசு எண்டா அடியில முத்திரை இருக்கும். இது ஜப்பான் சாமான். இதுக்கு நாப்பது புது எவர்சில்வர் தாறன்."

பள்ளியை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர் முகைதீன்பாவா மரைக்காருக்கு வாயெல்லாம் பல்.

பள்ளிக் கிணற்றடியில் நின்ற ஜுனைதாவின் காதிலும் அது விழுந்தது. பச்சைப் பொய். ஜப்பான் சகனின் அடியில்தான் இங்கிலீசு எழுத்து இருக்கும். பூவெல்லாம் ஒரே அச்சு. இவை கையால் வரைந்தவை, ஒன்றைப்போல் மற்றது இல்லை. அடிவட்டத்தில் ஒட்டிய சூளை மணல் அவள் விரலை எத்தனை தரம் கீறியிருக்கிறது.

"மரைக்கார், இது சீனத்துச் சாமான். நூறு வருசத்துக்கு மேல இரிக்கும்."

"நீ கழுவுற வேலையப் பாரு புள்ள. அவரு நாலு தேசம் பாத்த மனிசன்."

வியாபாரியின் வாயாலேயே உண்மை வரட்டும் என்று அவள் வீட்டுக்கு நடந்தாள். தன் கலியாணத்துக்கு வந்த ஜப்பான் சகனைக் கொண்டுவந்து அடுக்கின் நடுவே செருகினாள். அதே அளவு, அதே நீலம்.

ஒவ்வொன்றாக வைக்கோல் சுற்றிக்கொண்டு வந்த வியாபாரி, அதைப் புரட்டியதும் ஒதுக்கி வைத்தார். "இது வேணாம். இது ஜப்பான்."

"அப்ப மத்த இருபத்தேழும் எந்த ஊரு?" என்றாள் ஜுனைதா.

வியாபாரி கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். மரைக்கார் அவர் முகத்தையும் வைக்கோலையும் மாறி மாறிப் பார்த்தார். கொண்டுவந்த எவர்சில்வரோடே வியாபாரியின் லொறி திரும்பிப் போனது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், களவைத் தானே பிடித்ததாக மரைக்கார் ஊருக்குச் சொன்னார். ஜுனைதாவின் பெயர் வரவேயில்லை. கந்தூரி அன்று கிணற்றடிக்கும் வந்தார்.

"பாத்துக் கழுவு புள்ள. பெறுமதியான சாமான், உடைச்சிராத."

இத்தனை வருடத்தில் ஒரு விளிம்பைக்கூட உடைக்காதவள் எழுந்து நின்றாள். நெய் வடியும் சகனை அவர் இரு கையிலும் வைத்தாள்.

"அப்ப பெறுமதி தெரிஞ்ச ஆளே கழுவுங்க மரைக்கார்."

அடுக்கில் கிடந்த தன் ஜப்பான் சகனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.