கோர்ட்டுக்கு வராத தமயந்தி டீச்சர்

சரவெடி பின்னிக்கொண்டிருந்த என் மகள் முத்துமாரி போனைப் பார்த்துவிட்டு, "தமயந்தி டீச்சர் தவறிட்டாகளாம்மா" என்றாள்.

"உசிரோட இருந்தப்பவே வாயத் திறக்காதவ" என்றேன். அவள் என்னை முறைத்தாள்.

டீச்சரைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதித் தரும்படி அவரோடு வேலை பார்த்த நீங்கள் கேட்டீர்கள். நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது.

காலேஜில் பாடம் நடத்துவதோடு, பெண்டாட்டியை அடிக்கிறவன் மனசையும் அடிபடுகிறவள் மனசையும் ஆராய்வது அவர் வேலை. ஜெயிலில் போய் அடித்தவர்களிடம் பேசுவார். எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்கு வந்து எங்களிடம் பேசுவார். முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மருமகன் ஜெயிலில் இருந்தான். மகளுக்கு இடது கையில் மாவுக்கட்டு. டீச்சர் தரையில் உட்கார்ந்து, "அடிச்சதை அப்புறம் கேக்கேன். அதுக்கு முந்தி என்ன செஞ்சாரு?" என்றார்.

"குடிச்சிருந்தான். வேற என்ன செய்வான்?" என்றேன் நான்.

மகள் மெதுவாக, "மொதல்ல சன்னலைச் சாத்துவாரு" என்றாள்.

டீச்சர் எழுதுவதை நிறுத்தினார். "நெதானம் தப்புனவருக்குச் சன்னலைச் சாத்தணும்னு தோணுமாம்மா?"

எத்தனையோ பேர் வந்து விசாரித்தார்கள். ஒருத்தரும் அப்படிக் கேட்கவில்லை. அன்றைக்கே அவரை நம்பிவிட்டேன்.

கையெழுத்துக்கு முன் ஒரு தாளை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். சொல்வது எதுவும் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போகாது, பேரை மாற்றித்தான் எழுதுவோம் என்று அதில் இருந்தது. என் காதில் விழத்தான் செய்தது. ஆனாலும் இத்தனை பக்கம் எழுதிக் கையெழுத்தும் வாங்குகிறவர் கேசுக்காக இல்லாமல் வேறு எதற்கு எழுதுவார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மத்தியானம் தனியாக உட்கார்ந்து மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன்.

சாட்சி யார் என்று வக்கீல் கேட்டபோது, "டீச்சர் வருவாக" என்றேன். அவர் சிரித்தார். டீச்சரைப் பார்க்க விருதுநகருக்குப் பஸ் ஏறினேன்.

"நான் வரக்கூடாதும்மா" என்றார் டீச்சர்.

"அவன்ட்டயும் பேசுனீகள்ல? அடிச்சேன்னு ஒத்துக்கிட்டானா இல்லையா?"

"அதைச் சொல்லமாட்டேன்."

"அப்ப ஒத்துக்கிட்டான்."

டீச்சர் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எதையும் பார்க்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னார்கள். மகள் சொன்னது மட்டும் பத்தவில்லை. அவன் வெளியே வந்தான். எங்கள் தெரு வழியாகவே பைக்கில் போனான்.

அடுத்த வாரம் டீச்சர் எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். பட்டாசுக் கம்பெனி வேனுக்கு நின்ற சனம் பூராவும் கேட்க, "எங்க அழுகைய எழுதிக்கிட்டுப் போயி பட்டம் வாங்குதீகளோ? அவனுக்கும் நல்லவ, எங்களுக்கும் நல்லவளோ?" என்றேன். சனத்தை ஏற்றிக்கொண்டு வேன் போகும்வரை அவர் நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீங்க சொன்னதையும்தான் யார்ட்டயும் சொல்லலம்மா. முத்துமாரிட்டகூட."

நான் அவரிடம் சொல்லியிருந்தது இதுதான். அடி தாங்காமல் மகள் அச்சங்குளத்தில் என் அக்காள் வீட்டில் ஒளிந்திருந்தாள். அவன் என் வாசலில் வந்து அழுதான். திருந்திவிட்டான் என்று நம்பி, இடத்தைச் சொன்னவள் நான். மறுநாள் அக்காள் வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போய்க் கையை உடைத்தான். அக்காள் மருமகள்தான் காட்டிக்கொடுத்தாள் என்று என் மகள் அவளோடு பேச்சை விட்டாள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் டீச்சர் வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். நான் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவேன். எனக்குக் கொடுத்த வாக்கும் அவனுக்குக் கொடுத்த வாக்கும் ஒன்றா? இன்றைக்கும் கேட்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன், முந்தாநாள், முத்துமாரியிடம் சொல்லிவிட்டேன். பின்னிய சரத்தைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கிட்டேதான் எனக்கு ஆறுதல் சொன்னீகளா?"

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் அச்சங்குளம் போனாள், அக்காள் மருமகளிடம் மன்னிப்புக் கேட்க. இன்னும் வரவில்லை. போன் எடுக்கவில்லை.

டீச்சர்மேல் உள்ள கோபத்தை நான் விடவில்லை. அது என்னிடமே இருக்கும். ஆனால் என் மகளுடைய கோபத்தில் இப்போது டீச்சரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். அவர் போய்விட்டார். பதில் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.