பழைய மட்டைக்குப் புது லேபிள்

நான் டென்னிஸ் ஆடிப் பிழைத்தவள். சிவகாசியில் இதைச் சொன்னால் இப்போதும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது கல்யாணத்துக்கு முந்தியா?" என்று கேட்பார்கள். முந்திதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏழெட்டு வருஷம், ரயிலிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராகப் போய், பெண்களுக்கான சின்னச் சின்னத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடினேன். பெரிய ஆட்டக்காரி இல்லை. ஆனால் மோசமான ஆட்டக்காரி என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

எங்கள் ஊரில் ராக்கெட் என்றால் அது வானத்துக்குப் போக வேண்டும். அதனால் வீட்டில் எல்லாரும் மட்டை என்றே சொன்னோம். முதல் மட்டை மரத்தில் செய்தது. முதலாளிமார் சாயங்காலம் ஆடுகிற கிளப்பில் யாரோ விட்டுப் போனது. இரண்டாவது அலுமினியம். பந்து பட்டால் எவர்சில்வர் தட்டு கீழே விழுந்த மாதிரி சத்தம் வரும். மூன்றாவதாக, சென்னையில் ஆட்டத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போன ஓர் அக்கா தன் கறுப்பு கிராஃபைட் மட்டைகள் இரண்டையும் எனக்கு விற்றார். அவற்றோடுதான் என் வாழ்க்கை ஆரம்பித்தது.

அந்த மாடல் அப்போதே கடைகளில் நின்றுபோயிருந்தது. முகம் சின்னது, கனம் அதிகம். நடுவில் பட்டால் பந்து சொன்ன இடத்துக்குப் போகும். ஓரத்தில் பட்டால் மணிக்கட்டில் ஒரு குத்து விட்டுக் கண்டிக்கும். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது.

மாநில அளவில் ஒரு போட்டியில் ஜெயித்தபோது அதே மட்டைக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒரு காலத்தில் அவரும் ஆடியவர். வருஷத்துக்கு இரண்டு புது மட்டை, கேட்கும்போதெல்லாம் மட்டையில் கட்டுகிற நரம்பு, தோளில் மாட்ட ஒரு பை. நான் மூன்று நாளைக்கொரு தடவை நரம்பை அறுப்பவள். திருத்தங்கல் ரோட்டில் ஸ்டிக்கர் அடிக்கும் எங்கள் சின்னப் பட்டறையை நம்பி அந்தச் செலவைச் சமாளிக்க முடியாது. அந்த உதவி இருந்தால்தான் ஊர் ஊராகப் போக முடியும். நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்த வருஷம் வந்த புது மாடலில்தான் ஆட வேண்டும்.

புது மாடல் பார்க்க மூக்கும் முழியுமாக இருந்தது. ஆரஞ்சும் நீலமும். இறகு மாதிரி கனமே இல்லை, முகமோ அகலம். நான் வழக்கமாக அடிப்பதுபோல் அடித்தால் பந்து கோட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டிப் போயிற்று. மூன்றாவது மாதம் முழங்கை வலி வந்தது. சொம்புத் தண்ணீரைத் தூக்க முடியவில்லை. தொடர்ந்து ஐந்து போட்டிகளில் முதல் சுற்றிலேயே தோற்றேன்.

"மட்டைதாம்மா சரியில்லை" என்றேன்.

"ஆடத் தெரியாதவ தெருக்கோணல்னாளாம்" என்று அம்மா சிரித்தாள். ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமையே இருக்கன்குடிக்குப் போய், என் கை குணமாக மாரியம்மனுக்குத் தகட்டில் செய்த கை உரு வாங்கிப் போட்டுவிட்டு வந்தாள்.

போட்டிக்கு வரும் பெண்கள் ஒரு கதை சொல்வார்கள். டிவியில் வருகிற பெரிய ஆட்டக்காரர்கள் சிலரின் கையில் இருப்பதும் புது மட்டை இல்லையாம். பிடித்த பழைய மட்டைக்கே கம்பெனிக்காரர்கள் புது மாடலின் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறார்களாம். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது வேடிக்கையாக இதைச் சொன்னேன். பட்டறையை நடத்துவது அண்ணன். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"சரக்கு பழசு, லேபிள் புதுசு. அம்புட்டுத்தானே? இதை சிவகாசிக்காரனுக்கு நீ சொல்லித் தரணுமாக்கும்?"

அவன் சொன்னது நியாயம்தான். எங்கள் ஊரில் சரவெடி அதே சரவெடியாகத்தான் இருக்கும். போன சீசனில் அட்டையில் மயில் என்றால் இந்த சீசனில் கிளி.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சாத்தானே பாப்பா. என் ஸ்டிக்கரைப் பாத்து எவன் கண்டுபிடிக்கான்னு பாப்போம்."

பைக்குகளுக்குப் பெயின்ட் அடிக்கிற கடைக்குக் கறுப்பு மட்டைகள் இரண்டும் போயின. பெயின்டால் கனம் கூடக்கூடாது என்று பழைய பூச்சை முழுக்கச் சுரண்டவைத்து, நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். ஆரஞ்சு நிறத்தை அண்ணனே கலந்து கொடுத்தான். ஸ்டிக்கருக்கு ஆறு தடவை ப்ரூஃப் போட்டான். ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்து, "கொஞ்சம் மஞ்ச கூடுது" என்று கிழித்துப் போட்டான். ஏழாவதை ஒட்டி, கம்பெனி மட்டைக்குப் பக்கத்தில் வைத்தபோது எது எது என்று எனக்கே தெரியவில்லை. கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கனம் உள்ளங்கையில் உட்கார்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

வலி இரண்டே மாதத்தில் போயிற்று. ஜெயிக்க ஆரம்பித்தேன். கம்பெனிக்காரர், "பாத்தியா, புது மாடல் உனக்கு நல்லா செட் ஆயிடுச்சு" என்று பெருமைப்பட்டார். மனசு உறுத்தியது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வலிக்கிற கை அதைவிடப் பெரிசாக உறுத்தும்.

அந்த வருஷங்களில் எனக்கு இருந்தது ஒரே ஆசை. தகுதிச் சுற்றுகளைத் தாண்டி, பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயித்தால் உலகத் தரவரிசைக்கான ஒரு புள்ளி கிடைக்கும். ஒரே ஒரு புள்ளி. அதற்காக நாலு வருஷம் அலைந்தேன். ஒவ்வொரு தடவையும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு போட்டி. தகுதிச் சுற்றுகளைத் தாண்டிவிட்டேன். காலை பதினொரு மணிக்குப் பிரதானச் சுற்று. ஒன்பதரைக்குக் கம்பெனிக்காரர் வாழ்த்துச் சொல்ல வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். என் மட்டையை எடுத்துப் பார்த்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஏம்மா, இது சீனாவுல செய்யறது. இதுல எதுக்கு சிவகாசின்னு போட்டிருக்கு?"

மட்டையின் கழுத்துப் பக்கத்து ஸ்டிக்கரின் கீழோரத்தில், கடுகளவு எழுத்தில் எங்கள் பட்டறையின் பெயரும் ஊரும் இருந்தன. எங்கள் ஊரில் அச்சாகிற எந்த லேபிளுக்கும் அடியில் அந்த வரி இருக்கும். காலண்டரோ வெடியோ தீப்பெட்டியோ, அது இல்லாமல் அச்சுக்கு ஃபிலிம் எடுக்கவேமாட்டார்கள். நிறத்தை ஏழு தடவை பார்த்த அண்ணனுக்கு அது தெரியவில்லை. மாதக்கணக்கில் அதைக் கையில் வைத்திருந்த எனக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற வரியை யார் படிப்பார்கள்?

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்பட்ட மாதிரியும் இருந்தது, சிரிப்பை அடக்குகிற மாதிரியும் இருந்தது.

"பெரிய ஆளுங்களுக்கு நாங்களே பெயின்ட் அடிச்சுக் குடுப்போம். உனக்கு அப்படிச் செய்யற அளவுக்கு நீ இன்னும் வரலைம்மா" என்றார். அது சுட்டது, உண்மை என்பதால். "நாங்க குடுத்த மட்டை பையில இருக்குல்ல? அதுல ஆடு, நான் எதையும் பாக்கலை. இல்லேன்னா எங்க பேரை எடுத்துட்டு இதுல ஆடு. ஆனா நாளையிலேருந்து நரம்பு, மட்டை எதுவும் வராது."

அண்ணனுக்குப் போன் போட்டேன். நடந்ததையும் அவர் சொன்னதையும் சொன்னேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொல்லலாம். அவன் அதைக் கேட்கிற நிலையில் இல்லை.

"கைப் பழக்கத்துல போட்டுட்டேன் பாப்பா... அவுக குடுத்த மட்டையில ஆடுனா கை என்னாகும்?"

"வலிக்கும்ணே."

"அப்ப ஸ்டிக்கரைக் கிழிச்சுரு. நரம்புக்கு நான் பாத்துக்கிடுதேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கிழிக்க உட்கார்ந்தால் ஸ்டிக்கர் வரவில்லை. மழையில் நனைந்தாலும் விடாத பசையைப் பார்த்துப் பார்த்து ஒட்டியிருந்தான் புண்ணியவான். நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தேன். மணி பத்தரை. கம்பெனிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு மட்டையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, பைக் சாவியால் தன் கம்பெனி பெயரைத் தானே சுரண்டினார்.

எதிரே ஆடியவள் உயரமான இடதுகைக்காரி. முதல் செட் அவளுக்கு, இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் ஐந்துக்கு ஐந்து வந்தபோது ஒரு மட்டையின் நரம்பு அறுந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அறுந்தால் பையில் அந்த இறகு மட்டைதான். பயந்து ஆடாதே என்று எனக்கே உரக்கச் சொன்னேன். கடைசிப் பந்தைப் பின்கையால் நேராகக் கோட்டோரம் அடித்தேன். அவள் ஓடவேயில்லை.

என் கணக்கில் சேர்ந்தது அந்த ஒரு புள்ளி மட்டும்தான். அப்புறம் இரண்டு வருஷம், அண்ணன் ஆர்டர் பிடித்து வாங்கித் தந்த நரம்பில், திட்டுத் திட்டாகச் சுரண்டிய அந்த மட்டைகளோடு ஆடினேன், இன்னொரு புள்ளி வரவில்லை. குறையும் இல்லை.

அன்றைக்கு ஆட்டம் முடிந்து வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே அண்ணன் எடுத்தான். ஜெயித்தாயா என்று கேட்கவில்லை.

"கை வலிக்கா பாப்பா?" என்றான்.

"வலிக்கலண்ணே" என்று சொன்னேன். கோயம்புத்தூர் ரோட்டில் நின்று அழுதேன்.